பொரித்த வாழைப்பழம்: ஓர் எளிய பண்டமும் அதனைத் தாங்கும் அறிவும்

முன்னுரை

வாழை விளையும் நாடுகளுள் பெரும்பாலானவற்றில் அதன் பழத்தை நறுக்கி எண்ணெயில் பொரித்து உண்ணும் வழக்கம் உள்ளது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ‘கோரேங் பீசாங்’, இந்தோனேசியாவில் ‘பீசாங் கோரேங்’, கேரளத்தில் ‘பழம்பொரி’, தாய்லாந்தில் ‘குளுவாய் கேக்’, பிலிப்பீன்ஸில் ‘மருயா’, நைஜீரியாவில் ‘டோடோ’, கானாவில் ‘கெலெவெலே’ என அது பல பெயர்களில் வழங்குகிறது. பழம், மாவு, எண்ணெய் ஆகிய மூன்றே இதற்குத் தேவை. சில நாடுகளில் மாவும் தேவையில்லை. அடுப்பு மூட்டிய அரை மணி நேரத்திற்குள் தட்டுக்கு வந்துவிடும் இப்பண்டத்தில் ஆராய்வதற்கு என்ன உள்ளது என்னும் வினா எழுதல் இயல்பே.

உணவு குறித்த தமிழ் எழுத்துகள் பெரும்பாலும் விருந்து, விழா, படையல் ஆகியவற்றைச் சார்ந்தே அமைகின்றன. அன்றாடம் மாலை வேளையில் வீட்டில் செய்து, சூடு ஆறும் முன்னரே தீர்ந்துவிடும் பண்டங்கள் எழுத்தில் இடம்பெறுவது அரிது. எல்லாரும் அறிந்தவை என்பதனால் அவற்றை எவரும் எழுதி வைப்பதில்லை. எழுதி வைக்காமையால், அறிந்தோர் மறைந்த பின் அவற்றின் நுட்பங்களும் மறைந்துவிடுகின்றன.

பொரித்த வாழைப்பழம் எளிய பண்டமாக விளங்குவதற்கு எந்த வாழையை, எந்தப் பருவத்தில் பொரிக்க வேண்டும் என்னும் அறிவே அடிப்படை என்பது இக்கட்டுரையின் கருத்தாகும். பலவகை வாழைகள் வீட்டருகே வளர்ந்த சூழலில் உருவான அறிவு அது. அச்சூழல் மாறும்போது பண்டத்தின் எளிமையும் மாறுகிறது. இதனை விளக்கும் பொருட்டுப் பெயர், பழம், மாவும் எண்ணெயும், உண்ணும் பொழுது ஆகிய நான்கு கூறுகள் முதலில் ஆராயப்படுகின்றன. அவற்றைத் தொடர்ந்து இன்றைய வாழைப் பயிரின் நிலை நோக்கப்படுகிறது.

பெயர்கள் கூறும் செய்தி

மலாய் இலக்கண முறைப்படி ‘பீசாங் கோரேங்’ என்பதே பொரித்த வாழைப்பழத்தைக் குறிக்கும். ‘கோரேங் பீசாங்’ எனச் சொற்கள் இடம் மாறினால் வாழைப்பழத்தைப் பொரித்தல் என்னும் செயலைக் குறிப்பதாகவும் கொள்ளலாம். ஆயினும் மலேசியப் பேச்சு வழக்கில் பின்னதே பெருவழக்கு. விரைந்து விற்றுத் தீரும் பொருளைச் ‘சூடான கோரேங் பீசாங் போல’ எனக் கூறும் மலாய்த் தொடரும் அவ்வடிவிலேயே அமைந்துள்ளது. தெருவோரக் கடையில் எண்ணெய்ச் சட்டியைச் சுற்றி மக்கள் காத்து நிற்கும் காட்சியே அத்தொடரின் பின்னணி என்பதை விளக்க வேண்டியதில்லை.

மலையாளத்தில் ‘பழம்பொரி’ என்னும் பெயரில் வாழை என்னும் சொல்லே இல்லை. அடைமொழியின்றிப் ‘பழம்’ என்றால் அங்கு வாழைப்பழமே. ‘வெற்றிலை, பாக்கு, பழம்’ எனத் தமிழர் கூறும்போதும் அப்பொருளே அமைகிறது. ஒரு சமூகம் தன் அன்றாட வாழ்வில் மிகுதியாகக் கையாளும் பொருளுக்குப் பொதுப்பெயரையே சிறப்புப் பெயராக்கிவிடும் என்பதற்கு இஃது ஒரு சான்றாகும்.

தாய்லாந்துப் பெயர் தனிக் கவனத்திற்குரியது. ‘குளுவாய்’ என்பது வாழைப்பழம். ‘கேக்’ என்பது நாம் அறிந்த மாவுப் பண்டத்தின் பெயரன்று. விருந்தினர், அயலார் எனப் பொருள்படும் தாய்ச் சொல். இந்தியர், மலாய்க்காரர், பாரசீகர், அரபியர் ஆகியோரைச் சுட்டவும் அச்சொல் வழங்கிவருகிறது. தம் நாட்டு வாழையை, அரிசி மாவும் தேங்காய்த் துருவலும் எள்ளும் சேர்த்துத் தம் முறையில் பொரித்துக்கொண்ட போதிலும், தாய் மக்கள் அதனை ‘அயலார் வாழைப்பழம்’ என்றே அழைக்கின்றனர். அவ்வயலார் இந்தியரா, மலாய்க்காரரா என்பதைப் பெயர் தெளிவாக்கவில்லை; பண்டத்தை வேற்றவரோடு தொடர்புபடுத்தும் நினைவை மட்டும் அது காத்துவருகிறது.

இந்நோக்கில் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழரின் வழக்கையும் காணலாம். முறுக்கு, வடை, அதிரசம் முதலிய பண்டங்களுக்குத் தமிழ்ப் பெயர்களையே வழங்கும் இவர்கள், பொரித்த வாழைப்பழத்திற்கு மட்டும் மலாய்ப் பெயரையே கையாள்கின்றனர். இதற்கு ஒரு காரணம் உண்டு. தமிழகத்தின் பெரும்பகுதியில் எண்ணெயில் பொரிக்கப்படுவது வாழைக்காயே. கடலை மாவில் தோய்த்த வாழைக்காய் பஜ்ஜி உவர்ப்பும் உறைப்பும் கொண்ட சிற்றுண்டி. கனிந்த பழமோ அப்படியே உண்பதற்கும், படைப்பதற்கும், பஞ்சாமிர்தம் போன்றவற்றில் பிசைவதற்கும் உரியது. நேந்திரன் வாழை மிகுந்த கன்னியாகுமரி மாவட்டத்தில் பழம்பொரி நன்கு அறியப்பட்டதாயினும், காவிரிக் கரையிலிருந்தோ வட மாவட்டங்களிலிருந்தோ மலாயாவுக்கு வந்தோர்க்கு அது பழகிய பண்டமாக இருந்திருக்க வாய்ப்புக் குறைவு. ஆகவே கனிந்த பழத்தைப் பொரிக்கும் வழக்கத்தை இங்குள்ள தமிழர் அண்டை வீட்டாரிடமிருந்து பெற்றனர் எனக் கொள்வதே பொருத்தமானது. பெயரை மாற்றாமல் ஏற்றுக்கொண்டமையே அதற்குரிய சான்று.

பழத்தின் பங்கு

நாம் உண்ணும் வாழை வகைகளுள் மிகப் பெரும்பாலானவை இரண்டு காட்டினங்களின் வழிவந்தவை. ‘மூசா அக்குமினாட்டா’, ‘மூசா பால்பிசியானா’ என்பன அவை. முன்னதன் பங்கை ‘ஏ’ எனவும் பின்னதன் பங்கை ‘பி’ எனவும் குறித்து வகைகளைப் பகுக்கும் முறையை நார்மன் சிம்மண்ட்ஸ், கென்னத் ஷெப்பர்ட் ஆகிய இருவர் 1955ஆம் ஆண்டில் வகுத்தளித்தனர். கடைகளில் இன்று எங்கும் காணப்படும் கேவண்டிஷ் வாழை முழுவதும் ‘ஏ’ மரபினது. பொரிப்பதற்கெனப் பெயர்பெற்ற வகைகளிலோ பெரும்பாலும் ‘பி’ மரபு கலந்துள்ளது. நேந்திரனும், கொம்பு எனப் பொருள்படும் பெயருடைய பீசாங் தண்டோக்கும், பீசாங் ராஜாவும் இரு பங்கு ‘ஏ’, ஒரு பங்கு ‘பி’ கொண்டவை. பிலிப்பீன்ஸில் ‘சாபா’, இந்தோனேசியாவில் ‘கெப்போக்’, மலேசியாவில் ‘நீப்பா’ எனப்படும் வாழை ‘பி’ மரபு மிகுந்தது.

இப்பகுப்பு அடுப்படியோடு நேரடித் தொடர்புடையது. காயாக இருக்கும் வாழையின் சதையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மாவுச்சத்து. கேவண்டிஷ் கனியும்போது அதில் மிகப் பெரும்பகுதி சர்க்கரையாக மாறி, மாவுச்சத்து நூற்றுக்கு ஓரிரு பங்காகக் குறைந்துவிடுகிறது. நேந்திரன், தண்டோக் போன்றவை கனிந்த பின்னரும் கணிசமான மாவுச்சத்தைத் தக்கவைத்துக்கொள்கின்றன. நீரின் அளவிலும் வேறுபாடு உண்டு. கேவண்டிஷ் சதையில் நூற்றுக்கு ஏறத்தாழ 75 பங்கும், நேந்திரன் போன்ற சமையல் வாழைகளில் ஏறத்தாழ 65 பங்கும் நீர் ஆகும். மாவுச்சத்து குறைந்து நீர் மிகுந்த பழம் சூட்டில் குழைந்துவிடும். நீராவி வெளியேறி மேல்மாவை நனைத்துவிடும். மாவுச்சத்து எஞ்சிய பழமோ உருக்குலையாமல் வெந்து, உள்ளே மென்மையும் வெளியே மொறுமொறுப்பும் பெறும். சர்க்கரை சேர்க்காமலே இனிப்பும், கெட்டிப்பொருள் சேர்க்காமலே உறுதியும் கிடைப்பது இதனாலேயே. சமைப்பவர் செய்ய வேண்டிய வேலையில் ஒரு பாதியைப் பழமே செய்துமுடித்து விடுகிறது.

வகையோடு பருவமும் இணைந்தது. தோல் மஞ்சளாகிக் கரும்புள்ளிகள் பரவிய நேந்திரன் பழம்பொரிக்கு ஏற்றது. பச்சையாக இருக்கும் அதே நேந்திரன் தேங்காய் எண்ணெயில் வறுவலாகிறது. சுலாவெசித் தீவின் மனாடோ பகுதியில் ‘கோரோஹோ’ என்னும் வாழையை முற்றிய காயாகவே மெல்லியதாகச் சீவிப் பொரித்துச் சம்பாலுடன் உண்பர். கறுத்துக் குழைந்து, நறுக்க இயலாத நிலையை எய்திய பழமும் வீணாவதில்லை. அதனை மசித்து மாவுடன் பிசைந்து, கையால் கிள்ளி எண்ணெயில் இட்டு எடுப்பதே மலாய்க்காரரின் ‘செக்கோடோக் பீசாங்’. கேரளத்து உண்ணியப்பத்தில் மசித்த பழம் வெல்லத்தோடும் அரிசி மாவோடும் கலந்து குழிச்சட்டியில் வேகிறது. காய் முதல் அழுகும் தறுவாய் வரை ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பண்டம் வகுத்திருப்பது, ஒரு தாரில் ஒரே வேளையில் நூற்றுக்கு மேற்பட்ட பழங்கள் கனிவதைக் கண்ட வீடுகளின் சிக்கனமாகும்.

எனினும் பழம் மட்டுமே அனைத்தையும் தீர்மானிப்பதில்லை. தாய்லாந்தில் பொரிப்பதற்குப் பெரிதும் பயன்படும் ‘குளுவாய் நாம்வா’, மலேசியாவின் பீசாங் ஆவாக், தமிழகத்தின் கற்பூரவல்லி ஆகிய மூன்றும் ஒரே வகையைச் சேர்ந்தவை. தாய் மக்கள் அதனை எண்ணெயில் இடுகின்றனர். தமிழகத்தில் அது தோலுரித்து உண்ணும் பழம். பழம் தருவது வாய்ப்பு. அதனை எவ்வாறு பயன்கொள்வது என்பதை அந்தந்தச் சமூகமே முடிவு செய்கிறது.

மாவும் எண்ணெயும்

உலகின் பொரித்த வாழைப்பழங்களை ஐந்து வடிவங்களுள் அடக்கலாம். முதலாவது, மாவின்றி வெறுமனே பொரிப்பது. நைஜீரியாவின் டோடோ, ஐவரி கோஸ்ட்டின் அலோக்கோ, இலத்தீன் அமெரிக்காவின் மதுரோ ஆகியவை இவ்வகையின. இஞ்சியும் மிளகாயும் தடவிய கானாவின் கெலெவெலேயும், பச்சைக் காயை ஒருமுறை பொரித்துத் தட்டையாக்கி மறுமுறை பொரிக்கும் கரீபியத் தீவுகளின் தோஸ்தோனும் இதன் கிளைகள். இரண்டாவது, கரைத்த மாவில் தோய்த்துப் பொரிப்பது. கோரேங் பீசாங், பழம்பொரி, குளுவாய் கேக், மருயா ஆகியவை இதில் அடங்கும். மூன்றாவது, மேற்கூறிய செக்கோடோக் போல மசித்துப் பொரிப்பது. நான்காவது, மெல்லிய மாவுத் தாளில் சுற்றிப் பொரிக்கும் பிலிப்பீன்ஸின் ‘துரோன்’. அதனுள் பலாச்சுளைத் துண்டும் இடம்பெறுவதுண்டு. ஐந்தாவது, சர்க்கரைப் பாகு பூசுவது. குச்சியில் கோத்து விற்கப்படும் பிலிப்பீன்ஸின் ‘பனானா கியூ’வும், இழுத்தால் பாகு நூலாக நீளும் சீனரின் வாழைப்பழப் பண்டமும் இதற்கு எடுத்துக்காட்டுகள்.

மாவில் தோய்க்கும் வடிவத்தில் நுட்பம் மிகுதி. கோதுமை மாவு பழத்தைப் பற்றிக்கொள்ளும். அரிசி மாவு மொறுமொறுப்புத் தரும். ஆகவே இரண்டையும் கலப்பது பல நாடுகளில் பொதுவழக்கு. மலாய், இந்தோனேசிய வீடுகளில் கரைசலுடன் சிறிது சுண்ணாம்புத் தெளிநீரும் சேர்ப்பர். வெற்றிலைக்குத் தடவும் அதே சுண்ணாம்புதான் இது. அதன் காரத்தன்மை மேல்மாவு விரைந்து சிவக்க உதவுகிறது. பண்டம் நெடுநேரம் மொறுமொறுப்பாக இருப்பதற்கும் அதுவே காரணம் எனச் சமைப்போர் கூறுவர். வெற்றிலைப் பெட்டி ஒவ்வொரு வீட்டிலும் இருந்த காலத்தில் சுண்ணாம்பைத் தேடி அலைய வேண்டியிருந்ததில்லை. வெற்றிலை வழக்கம் அருகிய பின், அடுப்படியிலிருந்து சுண்ணாம்பும் பல வீடுகளில் விடைபெற்றது.

எண்ணெயின் வரலாறு இன்னும் விரிவானது. அதனை அறிய வாழை சென்ற வழியையும் நினைவுகூர வேண்டும். தென்கிழக்காசியாவும் நியூகினியும் அடங்கிய பகுதியே வாழையின் தாயகம். நியூகினியின் கூக் சதுப்பு நிலத்தில் ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்னரே வாழை பயிரிடப்பட்டமைக்குத் தொல்லியல் சான்றுகள் உள்ளன. அங்கிருந்து இந்தியப் பெருங்கடல் வழியே ஆப்பிரிக்கா சென்ற வாழை, அக்கண்டத்தின் மேற்குக் கரையோர மக்களின் அடிப்படை உணவுகளுள் ஒன்றாயிற்று. பின்னர் 1516ஆம் ஆண்டில் தோமாஸ் தெ பெர்லாங்கா என்னும் துறவி கேனரித் தீவுகளிலிருந்து அதனைக் கரீபியத் தீவான சாந்தோ டோமிங்கோவுக்குக் கொண்டு சென்றதாக வரலாறு குறிக்கிறது.

எதிர்த்திசையில் வந்தது செம்பனை. மேற்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அம்மரத்தின் நான்கு கன்றுகள் 1848ஆம் ஆண்டில் சாவகத்தின் போகோர் தாவரவியல் பூங்காவில் நடப்பட்டன. மலாயாவில் வணிக நோக்குடன் அது முதன்முதலாகப் பயிரானது 1917ஆம் ஆண்டில், சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில். பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோக்கோனியே அதனைத் தொடங்கினார். தோட்டத்தின் பெயரே அங்கு உழைத்தோரின் மொழியை நினைவூட்டுகிறது. தேங்காய் எண்ணெய் இருந்த இடத்தில் பின்னர்ச் செம்பனை எண்ணெய் வந்து அமர்ந்தது. இன்று கோரேங் பீசாங் சட்டியில் கொதிப்பது பெரும்பாலும் அவ்வெண்ணெயே. அலோக்கோவைச் செம்பனை எண்ணெயில் பொரிக்கும் வழக்கம் மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ளது. நம் பகுதியின் பழம் அங்குச் சென்று அவர்கள் எண்ணெயில் பொரிந்தது. அவர்கள் எண்ணெய் இங்கு வந்து நம் பழத்தைப் பொரிக்கிறது. இவ்விரு பயணங்களுள் பின்னதில், செம்பனைக் குலைகளை வெட்டியும் சுமந்தும் வாழ்ந்த தோட்டத் தமிழரின் உழைப்பும் அடங்கியுள்ளது.

உண்ணும் பொழுது

ஐரோப்பிய உணவு முறையில் ‘டெசர்ட்’ என்பது உணவின் இறுதியில் வரும் இனிப்பு. உணவு மேசையைத் துப்புரவு செய்தல் என்னும் பொருளுடைய பிரெஞ்சு வினையிலிருந்து அச்சொல் பிறந்தது. முதன்மை உணவுத் தட்டுகளை அகற்றிய பின் வருவதால் அப்பெயர். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் 1951ஆம் ஆண்டில் பிரென்னன்ஸ் உணவகத்தில் உருவான ‘பனானாஸ் ஃபாஸ்டர்’ இம்மரபுக்கு உரியது. வாழைப்பழத்தை வெண்ணெயிலும் பழுப்புச் சர்க்கரையிலும் வாட்டி, ரம் ஊற்றித் தீ மூட்டிப் பனிக்கூழுடன் அதனைப் பரிமாறுவர். அந்நகரம் அக்காலத்தில் வாழைப்பழ இறக்குமதிக்குப் பெயர்பெற்ற துறைமுகமாக விளங்கியமை அப்பண்டம் அங்குத் தோன்றியதற்கான பின்னணியாகும்.

ஆசியாவில் பொரித்த வாழைப்பழம் இவ்வாறு உணவின் முடிவுக்கு உரியதாக அமையவில்லை. அஃது இரு உணவுகளுக்கு இடைப்பட்ட பொழுதுக்கு உரியது. மலாய்க்காரரின் மாலைத் தேநீர் வேளை, பிலிப்பீன்ஸ் மக்கள் ஸ்பானியரிடமிருந்து பெயர்பெற்று வழங்கும் ‘மெரியெண்டா’, மலையாளிகள் ‘நாலுமணிப் பலகாரம்’ எனக் குறிக்கும் வேளை ஆகிய யாவும் ஒரே பொழுதைச் சுட்டுகின்றன. பள்ளி விட்ட பிள்ளைகளும் வேலை முடிந்த பெரியோரும் வீடு திரும்பும் பொழுது அது. நண்பகல் உணவுக்கும் இரவு உணவுக்கும் இடையே பசியை ஆற்ற மலிவான, வயிற்றில் நிற்கும் பொருள் தேவைப்படும் நேரமும் அதுவே.

இனிப்பு என்னும் வகைப்பாடும் எல்லா இடங்களிலும் பொருந்துவதில்லை. ஜொகூரில் கோரேங் பீசாங்கைக் காரமான சம்பால் கீச்சாப்பில் தொட்டு உண்பர். கேரளத்தில் பழம்பொரியை இறைச்சிக் குழம்புடன் உண்போர் உளர். மேற்கு ஆப்பிரிக்காவில் டோடோ சோற்றுக்குத் துணை. ஸ்பெயினில் ‘கியூபச் சோறு’ எனப்படும் உணவில் முட்டை, தக்காளிக் குழம்பு ஆகியவற்றுடன் பொரித்த வாழைப்பழமும் தட்டில் இடம்பெறும். ஆகவே இப்பண்டத்தை ‘டெசர்ட்’ என்னும் ஒரு சொல்லில் அடக்குவது அதன் பயன்பாட்டின் பெரும்பகுதியை விட்டுவிடுவதாகும். தமிழில் உள்ள ‘பலகாரம்’ என்னும் சொல்லும், மலாயில் உள்ள ‘குவே’ என்னும் சொல்லும் இனிப்பையும் காரத்தையும் ஒருங்கே தழுவுவன. இப்பண்டத்திற்கு அவையே நெருங்கி வருகின்றன.

வாழையடி வாழை

இதுவரை கூறியவை யாவும் பலவகை வாழைகள் கைக்கெட்டும் தொலைவில் இருந்தன என்னும் அடிப்படையின் மேல் நிற்கின்றன. அவ்வடிப்படையே இன்று தளர்ந்து வருகிறது.

‘வாழையடி வாழையாக’ என்பது தமிழரின் வாழ்த்து மரபு. தாய்மரம் சாய்ந்தாலும் அதன் அடியில் கன்று எழும் என்பது அதன் கருத்து. வாழை இருமுறை பழுப்பதில்லை என்பது மலாய்ப் பழமொழி. நல்வாய்ப்பு மீண்டும் வருவதில்லை என்பது அதன் பொருள். ஒரே மரத்தைக் கண்ட இரு சமூகங்கள், ஒன்று கன்றையும் மற்றொன்று தாரையும் நோக்கியுள்ளன. தாவரவியல் நோக்கில் இரண்டும் உண்மையே. உண்ணும் வாழையில் முளைக்கும் விதை இல்லை. கன்றே அதன் வழித்தோன்றல். கன்று தாய்மரத்தின் மறுபடியாகவே அமையும். ஒரு வகையைத் தாக்கவல்ல நோய் தோன்றினால் அவ்வகையின் மரங்கள் அனைத்தும் அதற்கு ஒரே அளவில் இலக்காவதற்கு இதுவே காரணம். வாழ்த்துக்குரிய அதே பண்பு, நோய்க்காலத்தில் வலுவின்மையாகிறது.

இதற்கு வரலாற்றுச் சான்று உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் உலக வணிகத்தை ஆண்ட ‘குரோ மிஷேல்’ வாழை, பனாமா வாடல் நோயால் தாக்குண்டு 1960களுக்குள் ஏற்றுமதிச் சந்தையிலிருந்து நீங்கியது. அதனிடத்தில் கேவண்டிஷ் வந்தது. இன்று உலக வாழை விளைச்சலில் ஏறத்தாழப் பாதியும், ஏற்றுமதியில் மிகப் பெரும்பகுதியும் கேவண்டிஷ் வகையே. அதனையும் தாக்கவல்ல வாடல் நோய்ப் பூஞ்சையின் புதிய வடிவம், ‘வெப்பமண்டல வகை 4’ என்னும் பெயரில், 1990களின் தொடக்கத்தில் தீபகற்ப மலேசியாவிலும் சுமத்திராவிலும் பெருந்தோட்டங்களை அழித்தது. 2013ஆம் ஆண்டில் மொசாம்பிக்கிலும், 2019ஆம் ஆண்டில் கொலம்பியாவிலும், 2021ஆம் ஆண்டில் பெருவிலும் அஃது உறுதிசெய்யப்பட்டது. ஒருமுறை மண்ணில் படிந்தால் பல பத்தாண்டுகள் அங்கேயே தங்கும் இயல்புடையது அது.

பொரிக்கும் வாழைகளுக்குத் தனி இடர் ஒன்றும் உண்டு. சுலாவெசிப் பகுதியில் முதலில் அறியப்பட்டு, 1980களின் இறுதியில் சாவகத்திலும் பின்னர்த் தீபகற்ப மலேசியாவிலும் பரவிய ‘இரத்த நோய்’ என்னும் பாக்டீரிய நோய் கெப்போக் வாழையைக் கடுமையாகத் தாக்குகிறது. வெளியில் குறையற்றதாகத் தோன்றும் பழத்தின் உட்புறம் செம்பழுப்பாகி அழுகிவிடும். வாழைப்பூவை நாடி வரும் பூச்சிகள் இதனைப் பரப்புவதால், பூவின் ஆண் மொட்டை உரிய காலத்தில் நீக்குமாறு உழவர்க்கு அறிவுறுத்தப்படுகிறது. மொட்டே இல்லாத ‘கெப்போக் தஞ்சோங்’ என்னும் உள்வகை இந்நோயிலிருந்து பெரிதும் தப்புகிறது. ஒரே வாழையின் இரு உள்வகைகளுக்கு இடையிலுள்ள சிறு வேறுபாடு விளைச்சலையே காக்கிறது என்னும் இச்செய்தி, வகைகள் பலவாக இருத்தலின் பயனை எந்த விளக்கத்தினும் தெளிவாக உணர்த்தும்.

வகைகளைக் காக்கும் நிறுவன முயற்சிகள் இல்லாமலில்லை. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் 1985ஆம் ஆண்டில் அமைந்த பன்னாட்டு வாழைச் சேமிப்பகம் 1,500க்கு மேற்பட்ட வாழை மாதிரிகளைப் பேணிவருகிறது. திருச்சிராப்பள்ளியில் 1993ஆம் ஆண்டு முதல் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இயங்கிவருகிறது. ஆயினும் சோதனைக் குழாயில் காக்கப்படுவது வாழையின் மரபு மட்டுமே. அதன் தோல் எந்த அளவு கறுத்தால் பொரிக்கலாம், நீளவாக்கில் வகிர்வதா குறுக்கே அரிவதா என்பன சேமிப்பகத்திற்குள் செல்வதில்லை. அவை சமைப்போர் கையிலும் கண்ணிலும் உள்ளன.

அக்கைகளிலிருந்து வாழை விலகிச் செல்வதே நம் சமூகத்தில் நிகழ்வது. தோட்டங்களில் லயத்து வீடுகளின் பின்புறம் வாழை வளர்ப்பது எளிதாக இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போனபின், அங்கு வாழ்ந்தோர் நகர்ப்புற அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தனர். சிங்கப்பூரில் அம்மாற்றம் இன்னும் முன்னரே, கம்பங்களிலிருந்து வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளுக்கு மக்கள் குடிபெயர்ந்தபோது நிகழ்ந்தது. வாழைக்கன்று ஊன்ற இடமில்லாத வீட்டில், பேரங்காடியில் கிடைக்கும் ஒரே வகைப் பழமே ‘வாழைப்பழம்’ ஆகிறது. அதனைப் பொரித்துப் பார்க்கும் இளையோர், பண்டம் குழைந்து எண்ணெய் குடித்தமையைக் கண்டு தம் கைப்பக்குவத்தையே ஐயுறுகின்றனர். உண்மையில் பிழை கையில் இல்லை. கேவண்டிஷ் பழத்திடம் அதனால் இயலாத ஒன்றை எதிர்பார்த்ததில் உள்ளது. அவ்வாறு ஐயுற்றவர் மறுமுறை வீட்டில் முயலாமல் கடையை நாடுவர். கடைக்காரர் இன்றும் ராஜாவையோ தண்டோக்கையோ தேடிப்பிடித்து வாங்குவதனால் அவரது சட்டியில் பண்டம் நன்றாக அமைகிறது. வீட்டுப் பண்டம் கடைப் பண்டமாக மாறும் வழி இதுவே.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, பொரித்த வாழைப்பழம் தனியொரு நாட்டின் உடைமையன்று. எனினும் ஒவ்வொரு சமூகமும் தன் வாழை, தன் மாவு, தன் பொழுது ஆகியவற்றால் அதனைத் தனதாக்கிக்கொண்டுள்ளது. இரண்டாவதாக, மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர் இதனை மலாய் அண்டையரிடமிருந்து பெற்று, அப்பெயருடனேயே தம் மாலைப் பலகாரமாக்கினர். ஒருவரோடொருவர் வாழ்ந்தமைக்கு இஃது எளிய, உறுதியான சான்று. மூன்றாவதாக, செய்முறைக் குறிப்பு நூல்களில் ‘நான்கு வாழைப்பழம்’ என ஒரு சொல்லில் முடிந்துவிடும் இடத்திலேயே இப்பண்டத்தின் நுட்பம் அனைத்தும் அடங்கியுள்ளது.

இத்துறை மாணவர்கள் மேற்கொள்ளத்தக்க களப்பணி ஒன்று இதிலிருந்து கிடைக்கிறது. தோட்டங்களிலும் கம்பங்களிலும் வாழ்ந்த மூத்தோரிடம், அவர்கள் பொரித்த வாழை எது, அதனைத் தமிழில் எவ்வாறு அழைத்தனர், பழத்தின் பதத்தை எவ்வாறு கண்டறிந்தனர், எம்மாவைக் கரைத்தனர், யாரிடம் கற்றனர் ஆகிய ஐந்து வினாக்களைக் கேட்டுப் பதிவு செய்தல் வேண்டும். விடைகளை அவர்தம் சொற்களிலேயே குறித்தல் நன்று. மலாய்ப் பெயருடைய வாழைகளுக்குத் தோட்டத் தமிழர் வழங்கிய பெயர்கள் அகராதிகளில் இடம்பெறுவது அரிது. பெரிய செலவோ கருவிகளோ இப்பணிக்குத் தேவையில்லை. அம்மூத்தோரிற் பலர் இப்போது எண்பது வயதை நெருங்குகின்றனர் அல்லது கடந்துவிட்டனர் என்பதனால், இதனை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்க இயலாது.